கடல்சார் புலமைப்பரிசில்கள்: யாழ்ப்பாண மாணவருக்கு எது பொருந்தும்?

கடல் தொடர்பான மேற்படிப்போ பயிற்சியோ தேடும் நம் மாணவர்களின் கைபேசிகளில் ஒரே பட்டியல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எது யாருக்கு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. கிடைக்கக்கூடியதை விட்டுவிட்டு, கிடைக்காததற்கு மாதக்கணக்கில் விண்ணப்பம் எழுதுகிறார்கள். அந்த உழைப்பு வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவின் நௌஸ் கடற்கொள்கைப் பெலோஷிப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். 1979 முதல் நடக்கும் அருமையான திட்டம் அது. தேர்வானவர் வொஷிங்டனில் காங்கிரஸ் அலுவலகம் ஒன்றிலோ அரச நிறுவனத்திலோ ஓராண்டு பணியாற்றுவார். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்பின் படிப்பில் இருக்க வேண்டும். இங்கே இறுதியாண்டில் இருப்பவருக்கு அது பிறகு பார்க்க வேண்டிய விடயம். ஐக்கிய நாடுகள் செயலகத்தின் உள்ளகப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. நியூயோர்க்கில் வாடகை கொடுக்க வசதியுள்ள குடும்பத்துக்கே அது பொருந்தும்.

மீதமுள்ளவற்றில் இரண்டைத்தான் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில் வரிசையில் வரும் கடல் உயிரியல் வளங்கள் முதுமாணி. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் இரண்டாண்டுப் படிப்பு. பருவத்துக்குப் பருவம் ஐரோப்பாவின் வேறு வேறு பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். இறுதிப் பருவம் ஆய்வுக்கு உரியது. புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோவும் கையில் வரும். பயணம், விசா, வீட்டு வாடகை எல்லாம் அதற்குள்தான். வேலை அனுபவம் இல்லாத புதிய பட்டதாரிக்கும் இது எட்டும். போட்டி உலகளாவியது என்பதால் பெறுபேறு மட்டும் போதாது.

மற்றது, ஐக்கிய நாடுகள் சபையும் ஜப்பானின் நிப்பொன் மன்றமும் 2004இல் ஏற்படுத்திய பெலோஷிப். ஒன்பது மாதங்கள்: ஒரு பகுதி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில், மறு பகுதி நியூயோர்க்கில் கடற்சட்டப் பிரிவில். கொள்கைப் பக்கம் போக விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன். ஆனால் இது மாணவருக்கானது அல்ல. வளர்முக நாடுகளில் கடல் விவகாரங்களைக் கையாளும் அதிகாரிகளுக்கும் இடைநிலைப் பணியாளர்களுக்கும் உரியது. ஆகவே சட்டமோ புவியியலோ படித்த ஒருவர் இதைக் குறிவைப்பதென்றால், முதலில் கடற்றொழில் திணைக்களத்திலோ கடல்சூழல் பாதுகாப்பு அதிகாரசபையிலோ வேலைக்குப் போக வேண்டும். நீண்ட வழிதான். ஆனாலும் நம் பிள்ளைகளில் சிலராவது அந்த வழியில் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இந்தியாவுடனான கடல் எல்லை, பாக்கு நீரிணையில் 1974இலும் மன்னார், வங்காள விரிகுடாப் பக்கங்களில் 1976இலும், இரண்டு தலைநகரங்களுக்கு இடையே எழுதப்பட்டது. அடுத்த பேச்சுவார்த்தையில் வடக்குக் கரையை அறிந்த ஒருவர் மேசையில் இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை: உள்ளூர்ப் பயிற்சி. கொழும்பு மட்டக்குளியிலுள்ள நாரா என்னும் தேசிய நீர்வள ஆய்வு நிறுவனம், கடலட்டைப் பண்ணைகளோடு தொடர்புடைய நக்டா என்னும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, இல்லையென்றால் உங்கள் விரிவுரையாளரின் ஆய்வுத் திட்டம். பெரிய கொடுப்பனவை எதிர்பார்க்க முடியாது. சான்றிதழும் கண்ணைக் கவராது. என் கணிப்பில், விண்ணப்பக் கட்டுரைக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

யாழ்ப்பாணத்தின் மீனவர் பகுதியான குருநகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் கடற்றொழில் திருத்தச் சட்டம், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. இராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் இழுவைப் படகுகள் நம் மீனவரின் வலைகளை அறுத்துச் செல்வதே அதற்குப் பின்னால் இருந்த பெரும் குமுறல். ஆனால் அதே சட்டம் குருநகரின் சொந்த இழுவைப் படகுகளையும் தொட்டது. கடனில் படகு வாங்கியவர் என்ன செய்வார்? மாற்றுத் தொழில் யார் கொடுப்பார்? தடைக்குப் பின் இறால் பிடிபாடு எப்படி மாறியது? இறங்குதுறையில் விடியற்காலையில் நின்று மீனின் நீளத்தை அளந்து, இனத்தைக் குறித்து, எத்தனை மணிநேரத் தொழிலில் எத்தனை கிலோ என்று பதிவுசெய்த மாணவரால் இந்தக் கேள்விகளை அறிவியலாகவும் கொள்கையாகவும் எழுத முடியும். தீவகத்தில் கடலட்டைப் பண்ணை வேலிகளுக்கும் கரையிலிருந்து வலை இழுக்கும் கரைவலைப் பாடுகளுக்கும் இடையிலான இழுபறியும் இதே போன்ற விடயம்தான். கெண்டில் விண்ணப்பங்களைப் படிப்பவருக்கு, "சிறுவயதிலிருந்தே கடல் பிடிக்கும்" என்று எழுதிய நூறு பேரிலிருந்து இந்த மாணவர் தனித்துத் தெரிவார்.

எரஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரியை ஒட்டி முடியும். ஆகவே மூன்றாம் ஆண்டு விடுமுறையிலேயே பயிற்சியை முடித்துவிடுங்கள். களத்தில் உங்களை மேற்பார்வை செய்தவரிடம் செப்டெம்பருக்கு முன்பே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இறுதிப் பரீட்சை முடிவு தாமதமாகலாம் என்று தோன்றினால், அதுவரையான பெறுபேற்றுப் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.