பனி அகற்றும் சேவை: முறைக்கு முறை கட்டணமா, பருவ ஒப்பந்தமா?

வாசலிலும் வண்டிப்பாதையிலும் குவியும் பனியை அகற்ற ஆள் அமர்த்துவோர், வரும்போதெல்லாம் பணம் கொடுப்பதா, குளிர்காலம் முழுமைக்கும் ஒரே தொகை பேசிவிடுவதா என்று தயங்குவது இயல்பே. பாதையின் நீளம், சரிவு, படிக்கட்டுகள், அள்ளிய பனியைக் கொட்ட இடமுண்டா என்பவை இரண்டிலும் விலையைக் கூட்டும், குறைக்கும்.

செலவு
முறைக் கட்டணம்: பனி குறைந்த ஆண்டில் பணம் மிஞ்சும், புயல்கள் தொடர்ந்தால் செலவு எகிறும்.
பருவ ஒப்பந்தம்: தொகை மாறாது, பனி பெய்யாவிட்டாலும் பணம் பொதுவாகத் திரும்பாது.

முன்னுரிமை
முறைக் கட்டணம்: பெரும்புயலன்று காத்திருக்க நேரலாம்.
பருவ ஒப்பந்தம்: பெரும்பாலும் ஒப்பந்தம் செய்தவர்களுக்கே முதலிடம்.

உண்மையான வேறுபாடு நிபந்தனைகளில்தான் இருக்கிறது. பல ஒப்பந்தங்கள் பனி சுமார் 5 சென்டிமீட்டர் படிந்த பிறகே வேலையைத் தொடங்கும் என்பதால், அதற்குக் குறைவாகப் பெய்து உறையும் பனியை நீங்களே சுரண்ட வேண்டியிருக்கும். பனியை உருக்க உப்புத் தூவுவது பெரும்பாலும் தனிச் செலவு. சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வலுவிழப்பதால், கடுங்குளிரில் விலை கூடிய கால்சியம் குளோரைடு தேவைப்படும். சாலையைத் துப்புரவாக்கும் வண்டி உங்கள் பாதையின் வாயில் ஒதுக்கிவிட்டுப் போகும் கெட்டியான பனிமேட்டையும் சேர்த்து அகற்றுவார்களா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது மிக அவசியம்.

பனி அரிதான இடங்களுக்கும், ஓரளவு தாமே அள்ளக்கூடியவர்களுக்கும் முறைக் கட்டணமே போதும். முதியோர் வாழும் வீட்டுக்கும், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புவோருக்கும் பருவ ஒப்பந்தத்தையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் வருகைகளுக்கு உச்ச வரம்பு உண்டா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.