படகின் பழுப்புக் கறைக்கு எது சரி: டாய்லெட் கிளீனரா, ஆக்ஸாலிக்கா, தேய்ப்பா?

எங்கள் ஃபைபர் படகு வாங்கியபோது பால் வெள்ளை. மூன்று வருடம் பழவேற்காடு ஏரியில் கட்டிக் கிடந்த பிறகு அதை வெள்ளைப் படகு என்று சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீர்க்கோட்டில் டீ டிக்காஷன் நிறத்தில் ஒரு பட்டை. நங்கூரம் உரசும் முன்பக்க அணியத்தில் துரு வழிந்த கோடுகள். பின்பக்கம் இன்ஜின் எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்பு வட்டங்கள். கட்டுமரத்தில் கறை என்று யாரும் கவலைப்பட்டதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகியதும்தான் இந்த வெள்ளை மோகமும் வந்தது. மணலில் ஏற்றிப் போடுகிற படகுக்குத் தொல்லை குறைவு. ஏரியிலும் முகத்துவாரத்திலும் தண்ணீரிலேயே கிடப்பவைதான் இப்படி ஆகின்றன.

கறையை எடுக்க வழி கேட்டால் ஆளுக்கொரு பதில். டாய்லெட் கிளீனரை ஊற்று, ஓடிவிடும் என்கிறார் ஒருவர். மார்பிள் பாலிஷ்காரர்கள் போடும் ஆக்ஸாலிக் ஆசிட்தான் என்கிறார் இன்னொருவர். ப்ளீச்சிங் பவுடர், புளி, தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்ட், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் என்று அது பாட்டுக்கு நீளும். எல்லாரும் சொல்வது ஏதோ ஒரு கறைக்கு உண்மைதான். எந்தக் கறைக்கு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் யாரையும் கேட்காமல் முதலில் செய்த காரியம், வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு போய் அரை நாள் தேய்த்தது. அணியம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துரு. நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் தேய்த்த கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து, உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தது. ஃபைபர் பட்டறைக்காரர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, கறை போச்சு, சரி. கூடவே என்ன போச்சுன்னு பார்த்தியா?" என்றார்.

கூடவே போனது ஜெல்கோட். படகின் உடம்பு கண்ணாடி நாரால் ஆன பாயும் (மேட்), அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் பசையும். அதற்கு மேலே வழவழவென்று இருக்கும் வெள்ளைத் தோல்தான் ஜெல்கோட். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும், வெயிலை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான். கறையை எடுக்கும் எந்த வழியையும் இந்த அரை மில்லிமீட்டரில் எவ்வளவு தின்கிறது என்று கேட்டுத்தான் எடை போட வேண்டும்.

அதன் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. படகின் பழைய பெட்டி மூடி ஒன்று கிடந்தது. மழைக்காலம் முழுக்க அதன் மேல் நங்கூரமும் சங்கிலியும் கிடந்ததில் ஒரே சீராகத் துருக்கறை ஏறியிருந்தது. அதில் டேப் ஒட்டி ஆறு கட்டம் போட்டேன். டாய்லெட் கிளீனர், ஆக்ஸாலிக் கரைசல், ப்ளீச்சிங் பவுடர் கரைசல், புளிக்கரைசல், ரப்பிங் காம்பவுண்ட் என்று ஐந்து. ஆறாவது கட்டத்தில் ஒன்றும் போடவில்லை.

டாய்லெட் கிளீனர்தான் முந்தியது. அதில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கெட்டியாக இருப்பதால் செங்குத்தான பக்கத்திலும் வழியாமல் நிற்கும். நாலைந்து நிமிடத்தில் துரு கரைந்து மஞ்சள் நீராக இறங்க ஆரம்பித்தது. அங்கேதான் கவனம் வேண்டும். கரைந்த இரும்பு எங்கேயும் போய்விடவில்லை, அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறது. வெயிலில் அது காய்ந்தால் கீழே புதிதாக ஒரு கோடு போட்டுவிடும். நிறைய தண்ணீர் விட்டு உடனே கழுவியாக வேண்டும்.

ஆக்ஸாலிக் மெதுவாகத்தான் வந்தது. கால் மணி நேரத்தில் பழுப்பு மங்கியது, இரண்டாவது முறை போட்டதும் வெள்ளை தெரிந்தது. இதன் வேலை வேறு மாதிரி. இரும்பைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொண்டு நீரில் கரையும் பொருளாக்கிவிடுகிறது. இலை தழை ஊறிய தண்ணீர் விடும் பழுப்புச் சாயத்தையும் வெளுக்கிறது. தண்ணீர்க்கோட்டில் இருக்கும் டீ நிறப் பட்டை பெரும்பாலும் இந்தச் சாயமும் இரும்பும் சேர்ந்ததுதான். அதனால் அந்தப் பட்டைக்கு இதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

வேகத்தில் டாய்லெட் கிளீனர் ஜெயித்தும் நான் படகுக்கு ஆக்ஸாலிக்கைத்தான் எடுத்தேன். காரணம் படகு வெறும் ஜெல்கோட் மட்டும் இல்லை. ஸ்டீல் போல்ட், துத்தநாகம் பூசிய சங்கிலி, இன்ஜினின் அலுமினியக் கால் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துத்தநாகப் பூச்சைக் குமிழி விட்டுத் தின்னும். அதிலிருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசிக்குத்து போலக் குழி போடும். போல்ட்டைச் சுற்றி வழிந்த துருவை அந்த ஆசிட்டால் கழுவினால் கறை போகும், போல்ட் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும், அடுத்த மாதம் அதே இடத்தில் அதைவிடப் பெரிய கறை நிற்கும். ஆக்ஸாலிக்கும் உலோகத்துக்கு நல்லதல்ல. ஆனால் கை தவறி நாலு சொட்டு பட்டால் பதற வேண்டியதில்லை.

கொட்டலசு வட்டத்துக்கு வந்தால் கதை தலைகீழ். அந்த வட்டம் வெறும் சுண்ணாம்பு. அங்கே ஆக்ஸாலிக்கைத் தடவினேன். லேசாக நுரைத்தது, உடனே அடங்கியது. அரை மணி நேரம் கழித்தும் வட்டம் அப்படியே இருந்தது. சுண்ணாம்பும் ஆக்ஸாலிக்கும் சேர்ந்தால் கால்சியம் ஆக்ஸலேட். அது தண்ணீரில் கரையாது. வட்டத்தின் மேல் ஒரு தோல்போலப் படிந்து மீதி ஆசிட்டை உள்ளே விடாது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பதும் இதே பொருள்தான். அதைக் கரைப்பது எவ்வளவு பாடு என்று கல் வந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆக, கொட்டலசுக்கு டாய்லெட் கிளீனரே சரி. முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கிற வரை எடுத்துவிட்டு, வட்டத்தின் மேல் மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் சுர்ரென்று பொங்கும். பொங்கல் அடங்கியதும் கழுவிவிட வேண்டும். படகு முழுக்க ஊற்றுகிற வேலை கிடையாது. அடியில் கொட்டலசு ஒட்டாத பெயின்ட் அடித்திருந்தால் அதன் மேல் இந்த ஆசிட்டைக் கொண்டுபோகவே கூடாது.

ப்ளீச்சிங் கட்டம்தான் எல்லாருக்கும் ஏமாற்றம். மேலே படர்ந்திருந்த பச்சைப் பாசி போனது, சரி. பாசி போனதும் அடியிலிருந்த துரு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. ப்ளீச்சிங் பாசியையும் பூஞ்சணத்தையும் கொல்லும். துரு என்பதே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்ததுதான், அதன் மேல் இன்னும் ஆக்சிஜனேற்றம் செய்கிற பொருளைப் போட்டு என்ன ஆகப் போகிறது? காய்ந்த பிறகு பவுடரின் சுண்ணாம்பு வேறு வெள்ளையாகப் படிந்து நிற்கும். பாசிக்குப் போடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புளி எனக்கு ஆச்சரியம். பித்தளைக் குடத்தைத் தேய்க்கிற அதே புளிதான். அதிலிருக்கும் டார்ட்டாரிக் அமிலமும் இரும்பைப் பிடிக்கும். ஒரு மணி நேரம் அப்பி வைத்ததில் பாதிக் கறை இறங்கியது. கை கால் எரியாது, குழந்தை தொட்டாலும் பயமில்லை. ஆனால் முழுப் படகுக்கு எத்தனை கிலோ புளி கரைப்பது? இன்று புளி விற்கிற விலைக்கு அதைக் குழம்பில் போடுவதுதான் மரியாதை. சிட்ரிக் ஆசிட் பவுடர் வாங்கிக் கரைத்தால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். சின்னக் கறைக்கு, வாராவாரம் துடைப்பதற்கு நல்லது.

எண்ணெய்ப் பிசுக்கு தனி. எந்த ஆசிட்டும் அதைத் தொடாது. மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து, பின்னாலேயே சோப்புத் தண்ணீர் விட்டால் போதும். தின்னர் வேண்டாம், பேர் எழுதின பெயின்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஒன்று மட்டும்: ஆசிட் போடுமுன் இந்தப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தாமரை இலைத் தண்ணீர்தான்.

ரப்பிங் காம்பவுண்டை இத்தனை பேர் புகழ்வது ஏன் என்று ஐந்தாவது கட்டத்தில் புரிந்தது. எந்தக் கறை என்று யோசிக்கவே வேண்டாம், தேய்த்தால் போகிறது. போவது கறை அல்ல, கறை ஏறிய தோல். துணியைத் திருப்பிப் பார்த்தேன், பழுப்போடு வெள்ளை மாவும் ஒட்டியிருந்தது. காம்பவுண்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. வெயிலில் காய்ந்து சாக்பீஸ்போல மாவு உதிர்கிற, கையால் தடவினால் உள்ளங்கை வெள்ளையாகிற ஜெல்கோட்டுக்கு அதுதான் மருந்து. அங்கே செத்த தோலைத்தான் எடுக்கிறோம். அது ரொம்ப முற்றியிருந்தால் மட்டும் 800, 1000, 1500 என்று நயம் கூடிக்கொண்டே போகும் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துப் பிடித்துவிட்டு, பிறகு காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. தேய்க்கும்போது அடியிலிருக்கும் கண்ணாடி நார் நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பட்டறைச் செலவுதான்.

கடைசியில் படகில் நடந்தது இது. விடியற்காலை, வெயில் ஏறுமுன் ஆரம்பித்தோம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் ஆக்ஸாலிக். இரும்பு வாளி இல்லை, பிளாஸ்டிக் வாளி. வெறும் கரைசல் பக்கவாட்டில் நிற்காமல் வழிந்தது. மச்சான்தான் யோசனை சொன்னான், போஸ்டர் ஒட்டுகிற மாதிரி மைதாவைக் காய்ச்சி அதில் கலக்கலாம் என்று. கூழ் ஆறிய பிறகு கலந்து பிரஷ்ஷால் பூசினோம், கீழிருந்து மேலாக. மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற ஆசிட் காய்ந்த கறையில் கோடு கோடாக வெளுத்துவிடும், பிறகு அந்தக் கோட்டைச் சரிசெய்யத் தனியாக ஒரு நாள் வேண்டும். பூசிய கூழ் இருபது நிமிடத்தில் ஓரத்தில் மஞ்சளாகியது. காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்து, பிறகு கழுவி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை துடைத்தோம். அணியத்தில் மட்டும் மூன்று தடவை போட வேண்டியிருந்தது.

ஆக்ஸாலிக் பார்க்க சர்க்கரைபோல இருக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். பொடி பறக்கும்போது மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். மீந்ததை நாங்கள் ஏரியில் கொட்டவில்லை, வாளியில் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினோம். கொட்டலசில் தொல்லை கொடுத்த அதே வெள்ளைப் படிவு இங்கே உதவிக்கு வந்து ஆசிட்டைக் கட்டி அடியில் உட்காரவைத்தது. இன்னொன்று, பாசிக்கு ப்ளீச்சிங்கும் கொட்டலசுக்கு டாய்லெட் கிளீனரும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். திறந்த வெளிதானே என்று நினைக்கலாம், ஆனால் படகின் அடியில் குனிந்து வேலை செய்கிறவருக்கு அது திறந்த வெளி இல்லை.

துரு வழிந்த ஆறு போல்ட்டில் ஐந்தை, உப்புத் தண்ணீரைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிட்டோம். ஆறாவது உள்ளே இறுகிப்போய் கழலவில்லை. இப்போது அணியத்தில் ஒரே ஒரு கோடுதான் வருகிறது, மாதம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட்டால் துடைக்கிறேன். ஆறு கட்டம் போட்ட மூடியைப் பட்டறைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். யாராவது ப்ளீச்சிங் போடலாமா என்று கேட்டால் மூன்றாவது கட்டத்தைக் காட்டுகிறாராம்.