பிஎன்பிஎம்மும் பிளேரைட்டும்: டேட்டா பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற வேலை என்றால் எல்லாம் சின்னச் சின்ன ப்ராஜெக்ட்தான், ஒவ்வொன்றிலும் அதே ரியாக்ட், அதே வீட் (Vite) என்று அதே கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக, இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் ஒரு நோட் மொட்யூல்ஸ் ஃபோல்டர். திருகோணமலையில் மொபைல் டேட்டாவையும் பழைய லேப்டொப்பையும் வைத்து இதைச் செய்பவர்கள், பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவியான பிஎன்பிஎம்முக்கு (pnpm) மாறிவிடுங்கள், நான் மாறிவிட்டேன், திரும்பப் போக மாட்டேன்.

வழக்கமாகப் பயன்படுத்தும் என்பிஎம்மும் (npm) இறக்கியதை கேஷில் (cache) வைத்திருக்கும்தான், ஆனால் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் மறுபடி ஒரு பிரதி எடுக்கும். பிஎன்பிஎம் ஒரே ஸ்டோரில் வைத்து அங்கிருந்து ஹார்ட் லிங்க், அதாவது நகல் எடுக்காமல் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர், போடுகிறது, அதனால் டிஸ்க் நிறையாது. ஸ்டோரும் ப்ராஜெக்டும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் நகல்தான் எடுக்கும். ஏற்கெனவே இறக்கிய பேக்கேஜ்கள் என்றால் ஆஃப்லைன் என்று சொல்லி நெட் இல்லாமலே இன்ஸ்டால் பண்ணலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதன் கண்டிப்பு. ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ் டாட் ஜேசனில் எழுதாத ஒன்றை நம் கோட் இம்போர்ட் செய்தால், வேறொரு பேக்கேஜோடு ஒட்டி வந்திருந்தாலும் 'இல்லை' என்று நின்றுவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தப் பேக்கேஜ் அடுத்த அப்டேட்டில் காணாமல் போய் சைட் விழுவதைவிட இது எவ்வளவோ மேல். 2025 ஜனவரியில் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து நாம் சேர்க்கும் பேக்கேஜ்களின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்கள், அதாவது இன்ஸ்டால் ஆகும்போது தானாக ஓடும் கோட், நாம் அனுமதித்தால்தான் ஓடும். நல்ல முடிவு.

அப்புறம் பிளேரைட் (Playwright), வெப்சைட்டைப் பிரவுசரில் தானாக ஓட்டி டெஸ்ட் செய்யும் கருவி, 2020இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. பிரவுசர்களையும் சேர்த்து இறக்குவதால் டேட்டாவைத் தின்னும், பிளேரைட்டை அப்டேட் செய்தால் பெரும்பாலும் அவற்றையும் புதிதாக இறக்க வேண்டும். குரோமின் அடிப்படையான குரோமியம் மட்டும் இறக்கித் தொடங்குங்கள்.

ஆனால் டெஸ்ட் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு புக்கிங் பக்கத்தில் ஃபோன் அகலத்தில் குக்கி பேனர் வந்து பட்டனை மூடியிருந்தது. ஜாவாஸ்கிரிப்டால் கிளிக் செய்கிற டெஸ்ட் அதைக் கவனிக்காமல் பாஸ் ஆகிவிடும். பிளேரைட் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, மேலே வேறெதுவும் மறைக்கிறதா என்று பார்த்துக் காத்திருந்து, கடைசியில் எந்த எலிமென்ட் குறுக்கே நிற்கிறது என்றே சொல்லிவிட்டது. டெஸ்ட் ஓடியதன் பதிவான டிரேஸைத் திறந்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியும், காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி, இலவசமாகக் கிடைக்கிறது.

வெளிநாட்டு விருந்தினர்கள் பலர் ஐபோனில் வருவதால் முடிந்தபோது சஃபாரியின் அடிப்படையான வெப்கிட்டிலும் ஓட்டுங்கள். அது அசல் சஃபாரி இல்லை, அதனால் சைட்டைக் கையில் கொடுக்க முன் யாரிடமாவது ஐபோன் வாங்கி ஒருமுறை புக்கிங் போட்டுப் பார்த்துவிடுங்கள்.