விமானத் தூரக் கணிப்பான்: ஆறு ஆண்டு அனுபவம்

சிறு விமான நிலையங்களுக்கு இடையே மாதம் இரண்டு முறையாவது பறக்க வேண்டிய வேலை எனக்கு. டிக்கெட் எடுக்கும் முன் இணையத்தில் தூரக் கணிப்பானைப் பார்ப்பது ஆறு ஆண்டுப் பழக்கம். அது சொல்லும் தூரத்தை இன்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். நேரத்தை நம்புவதில்லை.

தூரக் கணக்கு எளிது. புவியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, இரண்டு இடங்களுக்கும் இடையிலான பெருவட்டத் தூரத்தை, அதாவது அந்த உருண்டையின் மேற்பரப்பு வழியாகப் போகும் மிகக் குறுகிய தூரத்தை, அது தருகிறது. புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால் அதிகம் போனால் அரை விழுக்காடு அளவுக்குப் பிசகும். 400 கி.மீ. வழித்தடத்தில் அது 2 கி.மீ.தான். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தால் நகர மையத்திலிருந்து அளந்துவிடும் கணிப்பான்களும் உண்டு. அதனால் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைத்தான் எப்போதும் கொடுக்கிறேன்.

நேரம்தான் என்னைப் படுத்தியது. 400 கி.மீ. பயணத்துக்கு 30 நிமிடம் என்று காட்டியதை நம்பி, இறங்கியவுடன் பிடிக்க வேண்டிய பஸ்ஸை முதல் ஆண்டிலேயே தவறவிட்டேன். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் ஜெட் பறப்பதாக வைத்து, தூரத்தை வகுத்துக் கொடுத்த விடை அது. நான் ஏறியதோ டர்போப்ராப், அதாவது டர்பைன் எஞ்சினால் சுழலும் உந்துவிசிறி கொண்ட விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் இருக்கும், வானில் மட்டுமே 48 நிமிடம் ஆகிவிடும். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது எல்லாம் தனி. தூரம் குறைந்தாலும் இந்த நிமிடங்கள் குறைவதில்லை. ஜெட்டாக இருந்தாலும் பெரிய லாபம் கிடையாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ., என்ற வேக வரம்பு இருக்கிறது. குறுகிய பயணத்தில் அந்த உயரத்துக்குக் கீழே கழியும் பங்கு கணிசமானது.

இப்போது முதலில் விமான வகையைப் பார்க்கிறேன். டர்போப்ராப் என்றால் தூரத்தை 500-ஆல் வகுத்து, அரை மணி கூட்டிக்கொள்கிறேன். அட்டவணையில் போடும் நேரத்துக்கு இது பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுகிறது. நேர மண்டலம் மாறும் பயணமாக இருந்தால் அட்டவணையில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது.

காற்றைச் சேர்த்துக் கணக்கிடும் கணிப்பானை நான் இன்னும் பார்க்கவில்லை. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் அதே 48 நிமிடம் 55-ஐத் தொடும். பின்காற்று இருந்தால் 43-க்கு இறங்கும். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குத்தான் இந்த வேறுபாடு அதிகம். அதனால் போகும்போது ஆன நேரத்தை வைத்துத் திரும்பும் பயணத்தைத் திட்டமிடுவதில்லை. கால் மணி நேரம் கூடுதலாக விட்டு வைக்கிறேன்.