முதலில் வைஃபை, பிறகுதான் அழகு

விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் வகை இயங்குதளங்களில் எதை நிறுவலாம், உபுண்டுவா, மின்டா, டெபியனா, ஃபெடோராவா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மடிக்கணினியில் இருக்கும் வைஃபை சிப் எது? திரையின் அழகைப் பார்த்து இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரே வாரத்தில் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வன்பொருள் ஒத்துழைக்காவிட்டால் எளிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக முடிந்தது. வைஃபை பட்டியல் மட்டும் காலி. வைஃபை சிப்பை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, ஒருவழியாகக் கரையேறியபோது மணி இரண்டு.

இந்தச் சிக்கலில் டெபியன் நெடுநாள் கெட்ட பெயர் வாங்கியிருந்தது. 1993இல் தொடங்கிய அந்தத் திட்டம், கட்டற்றதல்லாத, அதாவது யாரும் தாராளமாகப் பார்த்து மாற்ற முடியாத ஃபர்ம்வேரை, அதிகாரபூர்வ நிறுவியில் (நிறுவும் மென்பொருளில்) சேர்க்காமலே இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் தேவையான ஃபர்ம்வேர் நிறுவியிலேயே இருக்கிறது. கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று வருந்துபவர்கள் உண்டு; என்னைக் கேட்டால், புதியவர்களுக்குக் கதவைத் திறந்த முடிவு அது. ஆனாலும் டெபியனின் நிலையான பதிப்பில், வன்பொருளோடு பேசும் மையப் பகுதியான கர்னல் பழையதாகவே இருக்கும். அண்மையில் சந்தைக்கு வந்த கணினிக்கு அது பொருந்தாமல் போகலாம்.

ஃபெடோரா இதற்கு நேர் எதிர். பதிப்பின் ஆயுள் முழுவதும் புதிய கர்னல் வந்துகொண்டே இருப்பதால், புதுக் கணினிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதங்கள்தான் ஆதரவு. என்விடியா வரைகலைச் சிப்பை இயக்கும் தனியுரிம டிரைவருக்கு (அந்த நிறுவனமே தரும், மூலநிரல் மூடிய மென்பொருளுக்கு) ஃபெடோராவுக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியத்தை நாட வேண்டும்.

உபுண்டு நடுவழியில் போகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஐந்தாண்டு நிற்கும்; இடையிடையே புதிய கர்னலும் அதற்கு வரும். நிறுவும்போதே ஒரு பெட்டியில் குறியிட்டால் தனியுரிம டிரைவர்களும் சேர்ந்துவிடும். அதன்மேல் கட்டப்பட்ட மின்டில் டிரைவர் மேலாளர் என்று தனிச் சாளரமே இருக்கிறது: எந்த டிரைவர் பரிந்துரைக்கப்படுகிறது என்று காட்டும், தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைக் கண்டாலே தயங்கும் ஒருவருக்கு என் கை தானாக மின்ட் பக்கமே நீளும்.

லினக்ஸ் அல்லாத இன்னொரு கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் கையேடு அருமையானது, சர்வரில் அது உறுதியாக நிற்கும். மடிக்கணினிக்கு, அதுவும் புதியவருக்கு, நான் சொல்ல மாட்டேன். வைஃபை ஆதரவில் லினக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி வரைகலை டிரைவர்களே லினக்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டவை. விண்டோஸ் டிரைவர்களையே இயக்க முயலும் ரியாக்ட்ஓஎஸ் என்ற இயங்குதளம் இன்னும் ஆல்ஃபா என்னும் தொடக்கச் சோதனை நிலையில் இருக்கிறது, அன்றாட வேலைக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்கிப் பாருங்கள். வைஃபையில் இணைந்து ஒரு காணொளியை ஓடவிடுங்கள், மைக்கில் பேசிப் பதிவு செய்யுங்கள், ப்ளூடூத்தையும் வெளித்திரையையும் இணையுங்கள். பிறகு மடிக்கணினியை மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். திரை விழித்து, வைஃபையும் தானாக இணைந்துவிட்டால் தயங்காமல் நிறுவலாம்.