காற்றுத் தடை கூடும்போது: பிஎஸ்சி மோட்டாரா, இசிஎம் மோட்டாரா?

குழாய் வழியாகக் காற்றனுப்பும் ஏசியின் விசிறியை ஓட்டும் மோட்டார்களில் இரண்டு வகையை இங்கே ஒப்பிடுகிறேன்: பிஎஸ்சி (கெபாசிட்டர் துணையோடு ஓடும் வழக்கமான மோட்டார்), இசிஎம் (எலக்ட்ரானிக் போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார்).

தடை உயர்ந்தால்: ஃபில்டரில் தூசி அடைத்து, குழாயில் அழுத்தம் 125 பாஸ்கலைத் தாண்டும்போது, பிஎஸ்சி மோட்டார் தள்ளும் காற்று குறைகிறது, மின்னோட்டமும் கூடவே இறங்குவதால், குளிர்சுருளில் பனி படியும் வரை பலர் மோட்டார் நன்றாக ஓடுவதாகவே நினைத்துவிடுகிறார்கள். காற்றளவு மாறாதபடி அமைக்கப்பட்ட இசிஎம் மோட்டாரோ, தன் எல்லை வரை வேகத்தைக் கூட்டி அந்த அளவைக் காக்கும்; மின்செலவும் இரைச்சலும் ஏறும்.

மின்செலவு: தடை குறைந்த குழாய்களில், அதிலும் குறைந்த வேகத்தில், இசிஎம் தெளிவாகச் சிக்கனமானது.

பழுது: பிஎஸ்சியில் பெரும்பாலும் கெபாசிட்டரை மாற்றினால் போதும், இசிஎம்மில் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு அதிகம்.

நெடுநேரம் ஓடும் அமைப்புக்கு இசிஎம்மைத் தேர்ந்தெடுக்கலாம். எப்போதாவது ஓடுவதற்கு பிஎஸ்சியே போதும். குறுகிய குழாயை அகலப்படுத்தாமல் மோட்டாரை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.