பதியாமல் இருப்பதா, காம்போசிஷனா, ரெகுலரா? சிறு கடைக்கான ஜிஎஸ்டி கணக்கு

கடை போட்டு ஆறேழு மாதம் ஓடியதும் எல்லோரும் கேட்பது, "ஜிஎஸ்டி எடுக்கணுமா?" ஆடிட்டரிடம் போனால் "டர்ன்ஓவர் (ஆண்டு மொத்த விற்பனை) எவ்வளவு?" என்பார். சட்டப்படி அதுதான் முதல் கேள்வி. ஆனால் காசு தங்குவதும் போவதும் இன்னொரு கேள்வியில் இருக்கிறது: உங்களிடம் வாங்குகிறவர் யார்?

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிய வேண்டாம். சேவை என்றால் 20 லட்சம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். துணி விற்று அதே கடையில் தையல் கூலியும் வாங்கினால் அது கலப்பு வியாபாரம், வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். கடலூரில் சரக்குக்கு 40 என்றால் பக்கத்துப் புதுச்சேரியில் 20தான். ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டும் சேர்த்தே கணக்கு, வரி விலக்குள்ள பொருளின் விற்பனையும் அதில் சேரும். இன்னொன்று, ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வரி உள்ள சரக்கு ஒரு பெட்டி விற்று அனுப்பினாலும், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, வரம்பு பார்க்காமல் பதிந்தாக வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. கேட்கப்படும் தொகை எல்லாம் செய்து கொடுப்பவரின் கூலி.

வரம்பைத் தாண்டியவருக்கு, அல்லது தானாகவே பதிய நினைப்பவருக்கு, இரண்டு வழி. ஒன்று ரெகுலர்: பில்லில் வரி போட்டு வாங்கலாம், கொள்முதலில் கட்டிய வரியை இன்புட்டாகக் கழிக்கலாம். இன்னொன்று காம்போசிஷன்: முந்தைய ஆண்டு டர்ன்ஓவர் 1.5 கோடிக்குள் இருந்தவர், விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம். உணவகத்துக்கு 5, சேவைக்கு 6 சதவீதம். சேவையில் அந்த வரம்பு 50 லட்சம். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, இன்புட்டும் கிடையாது.

"ஒரு சதவீதம்தானே, அதுதான் லாபம்" என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு காம்போசிஷன் எடுக்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

18 சதவீத வரி உள்ள பொருள் ஒன்று. மொத்த வியாபாரி 100 ரூபாயும் 18 ரூபாய் வரியுமாக 118க்குத் தருகிறார். நீங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 150க்கு விற்கிறீர்கள். பதிவே இல்லையென்றால் கையில் 32 நிற்கும். காம்போசிஷன் என்றால் ஒன்றரை ரூபாய் கட்டி மீதி 30.50. ரெகுலர் என்றால் அந்த 150க்குள் 22.88 வரி. வாங்கும்போது கட்டிய 18ஐக் கழித்து 4.88 கட்டுவீர்கள், லாபம் 27.12. வீட்டுக்கு விற்கும் கடைக்குக் காம்போசிஷன் மூன்று ரூபாய்க்கு மேல் மிச்சம் தருகிறது.

இப்போது அதே பொருளைக் கேட்டு வருபவர் ஜிஎஸ்டி எண் உள்ள ஒரு கம்பெனி. அவர் ரெகுலர் கடையில் 150 கொடுத்தாலும் 22.88ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்வார். அவருக்கு அடக்கம் 127.12தான். காம்போசிஷன் கடையில் 150 முழுதும் செலவு. அந்த விலைக்கு ஈடு கொடுக்க நீங்கள் 127.12க்கு இறங்கினால், 118 கொள்முதலும் 1.27 வரியும் போக மிஞ்சுவது 7.85. முப்பது ரூபாய் லாபம் எட்டு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. பதியாத கடைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். "ஜிஎஸ்டி பில் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போனால் அதன் பொருள் இந்தக் கணக்கு.

அதிகம் பேசப்படாத பகுதி ஐந்து சதவீதப் பொருட்கள். 105க்கு வாங்கி வீட்டுக்காரருக்கு 130க்கு விற்றால், ரெகுலர் கடைக்காரர் கையிலிருந்து கட்டுவது 1.19, காம்போசிஷன்காரர் கட்டுவது 1.30. ஆக, ரெகுலரில்தான் வரி கொஞ்சம் குறைவு. லாப விளிம்பு மெலிய மெலிய இந்த வித்தியாசம் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18லிருந்து 5க்கு இறங்கிவிட்டன. 18 சதவீதக் காலத்தில் போட்ட கணக்கை நம்பிக் காம்போசிஷனிலேயே இருக்கும் மளிகைக் கடைக்காரர்கள் ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் வேலைப்பளுவில் காம்போசிஷன்தான் ஜெயிக்கும், அதை மறுக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 18ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவமான சிஎம்பி-08, ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்). அவ்வளவுதான். ரெகுலரில் மாதம் இரண்டு ரிட்டர்ன். 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறைக்குப் போகலாம் என்றாலும் வரியை மாதாமாதம் கட்டியாக வேண்டும். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் உண்டு, மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் லேட் ஃபீ. நீங்கள் வரி கட்டி வாங்கிய பில்லை மொத்த வியாபாரி தன் ரிட்டர்னில் ஏற்றவில்லையென்றால் உங்கள் இன்புட் வராது, அவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் பிள்ளைக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்தையும் ரெகுலரின் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

கடை வாடகையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதியாதவர் என்றால், அந்த வாடகைக்கு 18 சதவீதத்தை ரெகுலர் கடைக்காரரே ரொக்கமாகக் கட்டி, பிறகு இன்புட்டாக எடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் வந்த விதி இது. காம்போசிஷன்காரர்களை 2025 ஜனவரியில் இதிலிருந்து விட்டுவிட்டார்கள்.

விரும்பிப் பதிபவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிந்த பிறகு 40 லட்ச வரம்பு உங்களுக்கு இல்லை, முதல் ரூபாய் விற்பனையிலிருந்தே வரி. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் காம்போசிஷன் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதில் அனுமதி இல்லை. ஐஸ்கிரீமோ செங்கல்லோ தயாரிப்பவருக்கும் அந்தக் கதவு கிடையாது.

ரெகுலரிலிருந்து காம்போசிஷனுக்கு மாற, அடுத்த நிதியாண்டுக்கான விண்ணப்பத்தை மார்ச் 31க்குள் போட வேண்டும். அன்று கடையில் இருக்கும் சரக்கின் மேல் ஏற்கெனவே எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். மறுபக்கம், காம்போசிஷனில் இருக்கையில் நடு ஆண்டில் 1.5 கோடியைத் தாண்டினால் ஏழு நாளில் தெரிவித்து ரெகுலருக்கு வந்தாக வேண்டும். அப்போது கையிருப்புச் சரக்கின் இன்புட்டை முப்பது நாளுக்குள் கேட்டு வாங்கலாம், ஆனால் ஓராண்டுக்குள் வாங்கிய பில்லுக்கு மட்டும். அதனால்தான் காம்போசிஷன் கடைக்காரரிடமும் கொள்முதல் பில்லைத் தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வையுங்கள் என்று சொல்வேன். "எனக்குத்தான் இன்புட்டே இல்லையே, எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள்.